விரல் நிமிர்ந்த பிறகு அழுத்தம் எங்கே போனது? ஒரு நிகழ்வு ஆய்வு

ஆடித் தள்ளுபடி நடக்கும்போது தியாகராய நகர் ஜவுளிக்கடை ஊழியர் ஒருவரைக் கிளினிக்குக்கு வரவழைப்பது லேசான காரியமில்லை. இவரும் தன் காலுக்காக வரவில்லை. மனைவியின் தோள்பட்டை வலிக்குத் துணையாக வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து வந்தபோது, வெள்ளை டைல்ஸில் வலது கால் படும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன ஈரப் பொட்டு விழுந்துகொண்டே வந்தது. வெளியே தூறல், அதனால் மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் இளஞ்சிவப்பு.

"அண்ணா, கால்ல அடிபட்டிருக்கா?"

"இல்லையே மேடம். எங்கயும் வலிக்கலையே."

வலது காலின் இரண்டாவது விரல், கட்டைவிரலுக்கு அடுத்தது, கொக்கி மாதிரி வளைந்திருந்தது. அதன் நுனியில், நகத்துக்குக் கீழே, காய்த்துத் தடித்த தோலின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. காய்ப்பின் ஓரம் விரிந்து அங்கிருந்துதான் கசிந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டுத் தன் தோள்பட்டையை மறந்தே போனார்.

அன்றிலிருந்து ஐந்து மாதம் அந்தக் காலைப் பின்தொடர்ந்தோம். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் சிலவற்றை விட்டிருக்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கதையில் அறுவை மருத்துவர் செய்த வேலை பத்து நிமிடம், அதுவும் அழகாக முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் எப்படி நடந்தார் என்று பார்ப்பது என் பொறுப்பு. அதில் நான் ஒரு இடத்தில் தவறினேன். எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான்.

அவரும் அவர் காலும்

வயது 54. எடை 72 கிலோ. 14 வருடமாகச் சுகர். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8.6. குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயில், மாம்பலத்தில் இறங்கிப் படிக்கட்டு, ரங்கநாதன் தெரு நெரிசல், பிறகு கடை. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. பட்டுப் பிரிவில் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். அதில் செருப்போடு ஏற முடியாது. ஆக, வேலை நேரம் முழுக்க வெறுங்கால்.

2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று சேர்த்தார்கள். நல்ல சட்டம், நெடுநாள் கோரிக்கை. அவரிடம் கேட்டேன். "ஸ்டூல் இருக்கு மேடம். ஆடி மாசத்துல அது மேல புடவை இருக்கும், நாங்க இருக்க மாட்டோம்" என்றார். போனில் நடை எண்ணிக்கையைப் பார்த்தோம். ஆடி ஞாயிறு ஒன்றில் 14,000 தப்படிக்குக் கொஞ்சம் மேல். வலது காலுக்குப் பாதி என்றாலும் அந்த விரல் நுனி ஒரே நாளில் 7,000 தடவை தரையில் குத்தியிருக்கிறது.

பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கால்களிலும் விரல்கள், முன்பாதம் எங்கேயும் உணர்வில்லை. குதிகாலுக்கு மேலே போனால்தான் "இப்ப தெரியுது" என்றார். டியூனிங் ஃபோர்க் அதிர்வு கட்டைவிரலில் தெரியவில்லை. நாடித்துடிப்பு இரண்டு காலிலும் நன்றாகக் கிடைத்தது, ரத்த ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் கருவியிலும் திருப்தி. அது பெரிய நிம்மதி. ரத்தம் வராத காலில் இந்தக் கதை வேறு திசையில் போயிருக்கும். காய்ப்பைச் சீவி எடுத்ததும் உள்ளே 6 மில்லிமீட்டர் அகலத்தில் புண். மழுங்கிய கம்பியால் மெல்லத் துழாவியதில் எலும்பு தட்டுப்படவில்லை. எக்ஸ்ரேயிலும் எலும்பு அரிப்பு இல்லை. வீக்கமோ சிவப்போ சீழோ இல்லாததால் ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை. "மாத்திரை தராம அனுப்புறீங்களே" என்று மனைவிக்குக் குறைதான்.

அடுத்து விரலின் வளைவு. முன்பாதத்தின் அடியில் கட்டைவிரலை வைத்து மேலே தள்ளினால் இரண்டாம் விரல் தானாக நிமிர்ந்தது. இறுகிப்போன வளைவு இல்லை, இன்னும் நெகிழ்கிற வளைவு. மூன்றாம் விரலும் வளைந்துதான் இருந்தது, அளவு குறைவு. முழங்காலை நீட்டி வைத்துக் கணுக்காலை மேலே மடக்கினால் செங்கோணத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு டிகிரி கூட வரவில்லை. கெண்டைக்கால் அவ்வளவு இறுக்கம். இதை அன்றைக்கே அடிக்கோடு போட்டுக் குறித்தேன்.

விரல் ஏன் வளைகிறது

பாதத்துக்குள்ளேயே பிறந்து பாதத்துக்குள்ளேயே முடியும் குட்டித் தசைகள் உண்டு. அடிமூட்டைக் கீழே அழுத்தி விரலை நேராகப் பிடித்திருப்பது அவைதான். அவற்றுக்கு வரும் நரம்பு முதுகிலிருந்து கால் கடைசி வரை வர வேண்டும். சுகரில் முதலில் சேதமாவது இப்படி நீளமான நரம்புகளின் கடைக்கோடி. அதனால் குட்டித் தசைகள் வற்றுகின்றன. முழங்காலுக்குக் கீழே இருந்து நீண்ட நாண்களால் விரலை இழுக்கும் பெரிய தசைகளோ இன்னும் தெம்போடு இருக்கின்றன. மேலே இழுப்பவை அடிமூட்டைத் தூக்க, கீழே இழுப்பவை நுனியை மடக்க, இடையில் தடுக்க ஆளில்லாமல் விரல் கொக்கியாகிறது.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. முன்பாதத்தில் எலும்பு முனைகளுக்கு அடியில் மெத்தை மாதிரி ஒரு கொழுப்புத் திண்டு உண்டு. விரலின் அடிமூட்டு மேலே எழும்போது அது திண்டையும் முன்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். எலும்பு முனைகளுக்கும் தரைக்கும் நடுவே வெறும் தோல்தான் மிச்சம். இப்படி வளைந்த விரல் ஒன்று இரண்டு இடங்களைக் காயப்படுத்தும்: தன் நுனியை, தன் வேருக்குக் கீழே இருக்கும் முன்பாதத்தை. நுனியில் புண் வந்தால் எல்லோரும் நுனியைப் பார்ப்பார்கள். முன்பாதத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

புண் வருவது வெறும் பரப்பளவுக் கணக்கு. உதாரணத்துக்கு, நடக்கும்போது இரண்டாம் விரல் 3 கிலோ பாரம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலின் சதைப்பற்றான அடிப்பகுதி இரண்டரை சதுர சென்டிமீட்டர் தரையில் பதிந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கிலோ, அழுத்த அலகில் சுமார் 118 கிலோபாஸ்கல். அதே 3 கிலோ நுனியில் அரை சதுர சென்டிமீட்டரில் இறங்கினால் 6 கிலோ, 588 கிலோபாஸ்கல். புண் ஆறிய காலுக்குச் செருப்புக்குள் அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய செருப்பில் இருந்ததைவிட 30 சதவீதமாவது குறைய வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுக் கால் செயற்குழுவின் அளவுகோல். எடை கூடவில்லை, விரலும் அதே விரல்தான். பதியும் இடம் சுருங்கியது, அவ்வளவுதான்.

வலி இருந்திருந்தால் இரண்டாம் நாளே நொண்டியிருப்பார், நொண்டியே அந்த விரலைக் காப்பாற்றியிருப்பார். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்து வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த பால் பிராண்ட் வற்புறுத்திச் சொன்னது இதைத்தான்: விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் திரும்பத் திரும்பக் காயப்பட்டு அழிகின்றன. சுகர்க் காலைப் பார்க்கிற எங்களுக்கு அந்தப் பாடம் தொழுநோய் வார்டிலிருந்து வந்த சொத்து.

சிகிச்சைக்கு முன் எடுத்த தடம்

எங்களிடம் கம்ப்யூட்டரில் வண்ணப்படம் காட்டும் அழுத்தப் பலகை இல்லை. ஹாரிஸ் மேட் இருக்கிறது. 1947-ல் கனடா ராணுவத்தினரின் பாதங்களை ஆராய்ந்த ஹாரிஸ், பீத் இருவரின் வழிவந்த எளிய ரப்பர் விரிப்பு. அதில் மூன்று உயரத்தில் வரப்புகள். மை தடவி, காகிதத்தின் மேல் கவிழ்த்து, அதன் மேல் மிதிக்கச் சொல்வோம். லேசாக மிதித்தால் உயரமான வரப்பு மட்டும் பெரிய கட்டமாகப் பதியும். அழுத்தம் கூடக் கூடச் சின்ன வரப்புகளும் பதிந்து கட்டம் நெருங்கும், கடைசியில் ஒரே கறுப்பாகிவிடும். எண் கிடைக்காது. ஆனால் அழுத்தம் எங்கே என்ற கேள்விக்கு அது சொல்லும் பதில் மிகத் தெளிவானது.

ஒரு சூட்சுமம் உண்டு. "இதன் மேல் மிதியுங்கள்" என்றால் யாருமே இயல்பாக மிதிக்க மாட்டார்கள். தப்படியைச் சுருக்கி, குறிபார்த்து வைப்பார்கள். அதனால் எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே நடக்கச் சொல்லி, மூன்றாம் தப்படி விரிப்பில் விழுமாறு நான் விரிப்பை நகர்த்தி வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடம். ஒரே தடத்தை நம்பக் கூடாது.

முதல் தடத்தில் வலது இரண்டாம் விரல், மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. விரலின் அடிச்சதை பதியவே இல்லை. புள்ளிக்கும் முன்பாதத்துக்கும் நடுவே காகிதம் வெள்ளையாக இருந்தது. இரண்டாம் விரலின் வேரில், முன்பாத எலும்பு முனைக்கு அடியில், கட்டமே தெரியாத கறுப்பு. மூன்றாம் விரலில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. கட்டைவிரல் மங்கல். நடந்து போகும்போது கடைசி உந்தலைத் தர வேண்டியது கட்டைவிரல்தான். அது வேலை செய்யவில்லை என்று அந்த மங்கல் சொன்னது.

வராந்தாவில் 10 மீட்டர் அளந்து நடக்கவிட்டேன். 22 தப்படி, 14 வினாடி. ஒரு தப்படி 45 சென்டிமீட்டர் சொச்சம். போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தோம். வலது குதிகால் தரையை விட்டுச் சீக்கிரமே எழுந்துவிடுகிறது. கெண்டைக்கால் இறுக்கம் அதைத் தூக்கிவிடுகிறது. குதி எழுந்த பிறகு உடம்பின் முழு பாரமும் முன்பாதத்திலும் விரல்களிலும்தான். அந்த நேரம் நீள்வதால் விரல் நுனி குத்தும் நேரமும் நீள்கிறது. காலைத் தூக்கி முன்னால் கொண்டுவரும்போது விரல்கள் எல்லாம் மேலே எகிறுகின்றன, தரையில் பதிந்ததும் பல்லைக் கடிப்பது போல மடங்கித் தரையைப் பிடிக்கின்றன. அந்தப் பிடியை அவரிடமே போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "என் கால் இப்படியா பண்ணுது?" என்றார்.

அவர் போட்டிருந்தது ஹவாய் செருப்பு. அதைக் காலில் நிறுத்தவே விரலை மடக்கிப் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே மடங்கும் விரலுக்கு அது தினசரிப் பயிற்சி.

வெட்டிய நாள்

ஆடி முடியும் வரை காய்ப்பைச் சீவி, ஃபெல்ட் என்ற கம்பளித் துணித் திண்டு ஒட்டி, விரலுக்கு அடியில் சிலிக்கான் முட்டுக் கொடுத்துப் பார்த்தோம். புண் 6 மில்லிமீட்டரிலிருந்து 5-க்கு வந்து அங்கேயே நின்றது. கடையில் நிற்கும் பன்னிரண்டு மணி நேரத்தோடு ஃபெல்ட்டால் போட்டி போட முடியவில்லை. ஆவணி பிறந்ததும் அறுவை மருத்துவர் முடிவு செய்தார்: விரலை மடக்கும் நாணை ஊசி நுனியால் வெட்டிவிடலாம். டெனாட்டமி என்பார்கள். நெகிழும் விரலின் நுனியில் வரும் புண்ணுக்கு இதைச் செய்யலாம் என்று மேலே சொன்ன செயற்குழுவின் 2023 வழிகாட்டுதல் தெளிவாகவே பரிந்துரைக்கிறது.

"நரம்பை வெட்டிட்டா விரல் செத்துடாதா மேடம்?"

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. நம் பேச்சில் உணர்வு கடத்துவதும் நரம்பு, ரத்தம் ஓடுவதும் நரம்பு, தசையை எலும்போடு கட்டும் கயிறும் நரம்பு. "தசைநாண்" என்று புத்தகத்தில் இருக்கிறது, வாயில் இல்லை. என் புறங்கையை நீட்டி விரல்களை ஆட்டிக் காட்டினேன். தோலுக்கடியில் கயிறுகள் ஓடுவது தெரிந்தது. "இது பொம்மலாட்டக் கயிறு மாதிரிண்ணா. ரத்தமும் உணர்வும் வேற வழியில போகுது. இந்தக் கயித்தை விட்டா விரல் சாகாது, குத்துறதை நிறுத்தும்" என்றேன். மனைவியின் முகத்தில்தான் முதலில் தெளிவு வந்தது. "அப்ப வெட்டட்டும்" என்றார்.

விரலின் வேரில் மரத்துப்போக ஊசி. பிறகு டாக்டர் விரலை மேலே இழுத்துப் பிடித்து நாணை விறைக்க வைத்து, விரலுக்கு அடியில் மடிப்பு விழும் இடத்தில் 18 நம்பர் ஊசியை இறக்கி, நுனியை இடமும் வலமுமாக மெல்ல அசைத்தார். மணலில் கம்பி உரசுவது போல ஒரு சின்னக் கரகரப்பு. அதன் பிறகு, அரிசி மூட்டையின் தையல் நூலை இழுத்ததும் வாய் அவிழுமே, அப்படி விரல் தளர்ந்து நீண்டது. தையல் இல்லை. ஒரு துளி ரத்தம், ஒரு கட்டு. அடி கனமான செருப்பில் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போனார்.

19-ஆம் நாள் புண் முழுதாக மூடியது.

மூன்றாம் வாரத் தடம்

அன்றைக்கு எடுத்த தடத்தில் இரண்டாம் விரல், மிளகிலிருந்து புளியங்கொட்டையாகியிருந்தது. அடிச்சதை முழுக்கப் பதிந்து, ஒரே சீராகச் சாம்பல் நிறம். அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எல்லோருக்கும் காட்டினேன்.

அதே காகிதத்தில் இன்னும் மூன்று விஷயங்கள் இருந்தன. முன்பாதத்தில் இரண்டாம் எலும்பு முனைக்கு அடியில் இருந்த கறுப்பு அப்படியே இருந்தது. அது நியாயம்தான், வெட்டிய நாண் நுனியை மடக்குவது, அடிமூட்டு மேலே எழுவதை அது சரிசெய்யாது, முன்னால் போன கொழுப்புத் திண்டைத் திருப்பிக் கொண்டும் வராது. இரண்டாவது, கட்டைவிரல் இன்னும் மங்கலாகவே இருந்தது. மூன்றாவது, மூன்றாம் விரல். சாம்பல் பொட்டு, கறுப்புப் பொட்டாகியிருந்தது.

பார்த்தேன். நோட்டில் "3-ஆம் விரல், கவனிக்க" என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த சந்திப்பை நான்கு வாரம் தள்ளிக் கொடுத்தேன். இதுதான் நான் தவறிய இடம். புண் மூடிவிட்டது என்ற மகிழ்ச்சி கண்ணை மறைத்தது. காரணமும் எனக்குத் தெரியாததில்லை. இரண்டு முதல் ஐந்து வரையான நான்கு விரல்களையும் மடக்கும் நாண்கள் ஒரே தசையிலிருந்து நான்காகப் பிரிந்து வருகின்றன. நாலு பேர் பிடித்து இழுத்த தேர்வடத்தில் ஒருவர் கைவிட்டால் அந்தப் பாரம் மற்ற மூவருக்கும் போகும். அந்தத் தசை இழுக்கிற வேகத்தைக் குறைக்கவில்லை. இழுக்கக் கிடைத்த விரல்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. டெனாட்டமிக்குப் பிறகு பக்கத்து விரலுக்குப் புண் தாவுவது எல்லோரும் அறிந்த பின்விளைவுதான்.

நடையும் மாறவில்லை. 10 மீட்டருக்கு 21 தப்படி, அதே 14 வினாடி. விரல் நிமிர்ந்தால் நடை தானாக நிமிரும் என்று நோயாளிகள் நினைக்கிறார்கள். நாங்களும் உள்ளுக்குள் அப்படித்தான் எதிர்பார்க்கிறோம். குதி சீக்கிரம் எழுவது கெண்டைக்காலின் வேலை, விரல் எகிறுவது பல வருடப் பழக்கம். இரண்டையும் அந்த ஊசி தொடவே இல்லை.

ஏழாம் வாரம், நவராத்திரிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் விரல் நுனியில் காய்ப்பு, அதற்குள் கடுகளவு கறுப்பு ரத்தக் கட்டு. தோல் இன்னும் திறக்கவில்லை. காகிதம் நான்கு வாரத்துக்கு முன்பே சொன்னதைத் தோல் இப்போது சொன்னது. அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன்: "இதை நான் அன்னைக்கே பார்த்தேண்ணா. சீக்கிரம் வரச் சொல்லியிருக்கணும்." அவர் கோபப்படவில்லை. "தீபாவளிக்கு முன்னாடி முடிச்சிடலாமா?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே மூன்றாம் விரலுக்கும் டெனாட்டமி நடந்தது. புண்ணாவதற்கு முன்பே முடிந்ததால் ஆறுவதற்கு ஒன்றும் இல்லை; ஊசி போன ஓட்டை மட்டும் இரண்டு நாளில் மூடியது.

செருப்பும் திண்டும்

இந்த முறை மற்ற வேலைகளையும் அதே வாரத்தில் தொடங்கினோம். ஹவாய் செருப்பு போயிற்று. குதிகாலைச் சுற்றிப் பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு வந்தது. பின்பட்டை இருந்தால் விரல் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. உள்ளே மெத்தென்ற நுண்துளை ரப்பர், வெளியே கெட்டியான அடி. தமிழ்நாட்டில் தொழுநோயாளிகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தைக்கப்பட்டு வரும் அதே வகைதான். "இதைப் போட்டா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்ற தயக்கம் அவருக்கும் இருந்தது. மேல்பட்டையைப் பழுப்புத் தோலில், சாதாரண சாண்டல் மாதிரி தைக்கச் சொன்னோம். தயக்கம் போய்விட்டது. இது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் மூலையில் கிடக்கும் செருப்பு எந்த அழுத்தத்தையும் குறைக்காது.

முன்பாதக் கறுப்புக்குச் செருப்பினுள் ஒரு திண்டு வைக்க வேண்டும். எலும்பு முனைகளுக்கு நேர் அடியில் வைத்தால் அழுத்தம் கூடும். அதற்குச் சற்றுப் பின்னால், எலும்பின் கழுத்தைத் தாங்குமாறு வைத்தால்தான் முனைகள் இளைப்பாறும். முதல் தடவை வைத்தது அரை சென்டிமீட்டர் முன்னால் போய்விட்டது. ஒரு மணி நேரம் நடந்துவிட்டுச் செருப்பைக் கழற்றச் சொன்னேன், தோல் சிவந்திருந்தது. நல்லவேளை அன்றைக்கே பார்த்தோம். பிறகு பழைய வழிக்கே திரும்பினேன்: முன்பாதத்தில் காய்ப்பு இருக்கும் இடத்தில் லிப்ஸ்டிக் தடவி, செருப்பைப் போட்டு இரண்டு நடை நடக்கச் சொன்னேன். செருப்பின் உள்ளே சிவப்பாக இடம் பதிந்துவிடும். அந்தச் சிவப்புக்குப் பின்னால் திண்டை ஒட்டினோம். தன் காலில் லிப்ஸ்டிக்கைப் பார்த்து அவர் கூச்சப்பட, மனைவி சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டது.

கெண்டைக்காலுக்குச் சுவர் நீட்டல். முழங்காலை நேராக வைத்து, குதியைத் தரையில் பதித்து, முப்பது வினாடி, நான்கு தடவை, காலையும் மாலையும். கடையின் ஸ்டாக் ரூமில் செய்தார். இரண்டு இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்களாம். நடைக்குத் தனியாக ஒரே ஒரு வாக்கியம் கொடுத்தேன்: "குதியைக் கொஞ்ச நேரம் தரையிலேயே விட்டுவைங்க." விரலைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. மரத்துப்போன விரலைப் பற்றி நினைக்கச் சொன்னால் அவர்கள் கண்ணால் காலைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள், நடை இன்னும் கெடும்.

பட்டுப் பிரிவு மெத்தைக்காக, வெளியே போடாத புதுச் செருப்பு ஒரு ஜோடி கேட்டு மேலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினோம். இரண்டு வாரம் இழுத்தது. பிறகு, மெத்தையை விட்டு கவுன்டர் பக்கம் மாற்றினார்கள், செருப்போடு.

பன்னிரண்டாம் வாரம்

தீபாவளி முடிந்து, முதல் டெனாட்டமியிலிருந்து பன்னிரண்டாம் வாரம். 10 மீட்டருக்கு 18 தப்படி, 11 வினாடி. ஒரு தப்படி 55 சென்டிமீட்டரைத் தாண்டியது. கணுக்கால் செங்கோணத்துக்கு மேல் 6 டிகிரி மடங்கியது. ஸ்லோ மோஷனில் குதி தரையில் முன்னைவிட நீண்ட நேரம் இருந்தது. காலைத் தூக்கும்போது விரல்கள் எகிறுவது குறைந்திருந்தது, நிற்கவில்லை.

தடத்தில் இரண்டாம், மூன்றாம் விரல்கள் இரண்டும் புளியங்கொட்டை. கட்டைவிரல் முதல் தடவையாக நன்றாகப் பதிந்திருந்தது. முன்பாதத்தில் இரண்டாம் முனையின் கறுப்பு வெறுங்காலில் எடுத்தபோது கொஞ்சம்தான் இளகியிருந்தது. அதற்கான விடை செருப்புக்குள் இருக்கும் திண்டு. வெறுங்காலில் அவர் நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த இடம் பழைய நிலைக்குப் போகிறது. கோயிலுக்குப் போவதைப் பற்றி அப்போது பேசினோம். மார்கழி வருகிறது. வெயில் ஏறிய கல்தரையில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்ற வேண்டாம், விடிகாலையில் சாக்ஸ் போட்டுப் போகலாம், வந்ததும் மனைவி காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று முடிவானது.

இந்த மாற்றத்தில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, சுவர் நீட்டலுக்கு எவ்வளவு, செருப்புக்கு எவ்வளவு என்று ஒரே ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. வரிசையை மட்டும் சொல்லலாம். ஊசிக்கு மட்டும் பிறகு எடுத்த மூன்றாம் வாரக் கணக்கில் விரல் நுனி ஆறியது, நடை அப்படியே இருந்தது. மற்றவையும் சேர்ந்த பிறகே தப்படி நீண்டது. இப்போது எங்கள் கிளினிக்கில் டெனாட்டமி முடிந்தவர்களுக்குப் புண் மூடிய நாளில் ஒரு தடம், அதிலிருந்து இரண்டாவது வாரத்தில் இன்னொரு தடம் எடுக்கிறோம். பக்கத்து விரல் பொட்டு கறுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவருக்குப் போன். நோட்டில் "கவனிக்க" என்று மட்டும் எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டேன். எந்தத் தேதியில், யார் கவனிக்க என்றும் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் கடைசியாக வந்தார். மனைவியின் தோள்பட்டைக்கும் சேர்த்துத்தான் டோக்கன். புண் இல்லை, புதுக் காய்ப்பு இல்லை. மை காயும் வரை காத்திருந்து காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நான்காம் விரலில் போன தடவை இல்லாத ஒரு சாம்பல் பொட்டு. அவரும் இப்போது தடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். நான் சொல்வதற்கு முன்பே விரலை வைத்துக் காட்டினார்.

"இதையும் வெட்டணுமா மேடம்?"

"இப்ப வேண்டாம்ணா. முட்டு வைக்கிறேன். ரெண்டு வாரத்துல வாங்க."

அவர் போனை எடுத்துத் தேதியைப் போட்டுக்கொண்டார். நானும் நோட்டில் அதே தேதியை எழுதினேன்.